ஒன்பது பேருக்கு மட்டுமான பெயர்

“தாத்தா, நம்ம பேரு ‘தூங்கலை’ன்னு இருக்கே, யாரு தூங்கலை? ஏன் தூங்கலை?”

தீமெக் இப்படிக் கேட்டபோது அவன் முதல் வகுப்பில் சேர்ந்த புதிது. எழுத்துக் கூட்டிப் படிக்க வந்ததும் அவன் முதலில் படித்தது வாசற்கதவில் அறைந்திருந்த பித்தளைத் தகட்டைத்தான். நியெஸ்பாவ். போலந்தில் பிறந்த குழந்தைக்கு அதன் பொருளை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ‘அவன் தூங்கவில்லை’ என்று பட்டவர்த்தனமாகச் சொல்லிவிடும் பெயர்.

புரூனோன் நியெஸ்பாவ் அப்போது சமையலறைக் குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அந்தக் குழாயில் ஒரு கோளாறும் இல்லை. ஆனாலும் அதைக் கழற்றி மாட்டாமல் அவரால் இருக்க முடியவில்லை.

“யாரோ ஒரு ஆளு. தூக்கம் வராம கஷ்டப்பட்டிருப்பான்” என்றார்.

“உன்ன மாதிரியா?”

“என்ன மாதிரிதான்.”

“அப்போ அவனும் ராத்திரியெல்லாம் ஃபிரிட்ஜைத் திறந்து திறந்து மூடுவானா?”

புரூனோனின் மனைவி உர்ஷுலா கையிலிருந்த மாவைத் தட்டிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். “அப்படிக் கேளுடா கண்ணு! அந்த ஆளு பொண்டாட்டியும் பாவம், என்ன மாதிரியே இருந்திருப்பா.”

சிரிப்போடு அந்தப் பேச்சு அன்றைக்கு முடிந்துபோனது. ஆனால் கேள்வி மட்டும் காலணிக்குள் புகுந்த கல்லைப்போல் புரூனோனுக்குள் கிடந்து உறுத்தியது. அறுபது வயதைத் தாண்டிய மனிதர். வாலிபத்திலிருந்தே மீன்பிடிக் கப்பல்களின் இயந்திர அறையில் முறை மாற்றி முறை மாற்றி வேலை பார்த்தவர். ஓய்வு பெற்று ஏரிக்கரை ஊரான போரோவோவுக்கு வந்த பிறகும் உடம்பு ஒரு இடத்தில் நிற்கவில்லை. நன்றாக இருக்கும் வேலியைச் செப்பனிடுவார். ஊர்த் தேவாலயத்தைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய்களையும் கல்லறைத் தோட்டத்துச் சிற்றாலயத்தின் கணப்பையும் சம்பளம் வாங்காமல் பார்த்துக்கொள்வார். பூசையின் நடுவில்கூட எழுந்து போய்க் குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார். பங்குச் சாமியார் அதைப் பக்தி என்று நினைத்திருந்தார். உர்ஷுலா நினைக்கவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து, ஒரு செப்டம்பர் ஞாயிறன்று, அந்தக் கல் முழு வலியைக் கொடுத்தது.

மகள் வெரோனிகா அன்று மதியச் சாப்பாட்டுக்கு ராதெக் நோவாக்கை அழைத்து வந்திருந்தாள். ராதெக் கார் ஓட்டக் கற்றுத் தரும் ஆசிரியன். யார் எப்படி ஓட்டினாலும் கோபப்படாதவன். தீமெக்கின் தகப்பன், பையன் பிறக்கும் முன்பே இங்கிலாந்துக்குப் போய் அங்கேயே கரைந்துபோனவன். அதனால் பையனுக்குத் தாயின் வீட்டுப் பெயரே அமைந்திருந்தது.

“டிசம்பர்ல கல்யாணம்பா. நாள் வாங்கியாச்சு” என்றாள் வெரோனிகா.

“ரொம்ப நல்லது” என்றார் புரூனோன். உண்மையாகவே மகிழ்ந்துதான் சொன்னார்.

“தீமெக்குக்கும் ராதெக் பேரையே போட்டுடலாம்னு இருக்கோம். ஒரே வீட்டுல ரெண்டு குடும்பப் பேரு எதுக்கு?”

புரூனோன் கரண்டியைக் கீழே வைத்தார். “நோவாக்கா? நாட்டுல நோவாக்குக்கு என்ன பஞ்சம்? கண்ணை மூடிக்கிட்டு ஒரு கல்லை விட்டெறிஞ்சா ஏதாவது ஒரு நோவாக் தலையிலதான் விழும்.”

“அதனாலதான் மாமா நான் எப்பவும் தொப்பி போட்டுக்கிறேன்” என்றான் ராதெக்.

எல்லாரும் சிரித்தார்கள். புரூனோன் சிரிக்கவில்லை. எழுந்து போய் சன்னலைத் திறந்தார், மூடினார், திரும்பி வந்து உட்கார்ந்தார். பேரனைப் பார்த்துக் கேட்டார்: “நீ என்னடா சொல்ற?”

தீமெக் வாத்து எலும்பைத் தட்டில் வைத்துவிட்டு, பெரிய மனிதன்போல் யோசித்துச் சொன்னான்: “நோவாக்னா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க தாத்தா. இப்போ நான் கொட்டாவி விட்டாக்கூட, ‘பாரு, நியெஸ்பாவ் இன்னைக்கும் தூங்கலை’ன்னு பசங்க கத்துறாங்க. ஆந்தைன்னு கூப்பிடுறாங்க. அப்படின்னா ஏன் அந்தப் பேருன்னு கேட்டா எனக்குச் சொல்லவும் தெரியல.”

சொல்லவும் தெரியல. அதுதான் புரூனோனைச் சுட்டது. பையனுக்குத் தெரியவில்லை என்றால் சொல்லியிருக்க வேண்டியவர் யார்?

“கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலம் தொடங்குற வரைக்கும் எனக்கு நேரம் குடு” என்றார் மகளிடம். “அந்தப் பேரு எங்கேருந்து வந்துச்சுன்னு நான் அவனுக்குச் சொல்றேன். கேட்ட பிறகும் வேணாம்னு அவன் சொன்னா, நான் வாயைத் திறக்க மாட்டேன். சத்தியமா.”

வெரோனிகா தாயைப் பார்த்தாள். உர்ஷுலா தோளைக் குலுக்கினாள். “குடுடி. எப்படியும் தூங்கப் போறதில்ல. இதையாவது செய்யட்டும்.”

அரசாங்கம் மக்களின் குடும்பப் பெயர்களை எண்ணிக் கணினியில் போட்டு வைத்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். புரூனோன் பார்த்தார். நோவாக்குகள் இரண்டு லட்சத்துக்கும் மேல். நியெஸ்பாவ் என்ற பெயரில் ஆண்கள் நான்கு, பெண்கள் ஐந்து. முழு நாட்டுக்கும் அவ்வளவுதான். அந்த ஆண்களில் ஒருவர் அவரே. இன்னொருவர் ஷ்செச்சின் நகரில் இருக்கும் சித்தப்பா மகன். எழுபது வயதுப் பிரம்மச்சாரி. மூன்றாமவர் எங்கோ ஒரு மடத்தில் துறவி. நான்காவது தீமெக்.

மனிதனுக்கு வயதாகும்போது சாவைவிடப் பெரிய பயங்கள் சில வரும். அவற்றை வெளியே சொன்னால் பிறர் சிரிப்பார்கள் என்பதால் அவன் குழாய்களையும் வேலிகளையும் சரிபார்த்துக்கொண்டிருப்பான். நம்மோடு ஏதோ ஒன்று முடிந்துபோகிறது என்ற பயமும் அப்படிப்பட்டதுதான். கடவுள் அதற்காக நம்மைக் கோபிப்பதில்லை என்றே நினைக்கிறேன்.

முதலில் புரூனோன் தானாகவே ஒரு விடை கட்டினார். கப்பலில் இரவுக் காவல் பார்த்தவருக்கு வேறு எப்படித் தோன்றும்? முன்னோர் ஒருவர் ஊர்க்காவலர்; சுவீடன்காரன் படையெடுத்து வந்த இரவில் கண் கொட்டாமல் விழித்திருந்து ஊரைக் காப்பாற்றினார்! கதை வளர வளர அந்த முன்னோருக்கு ஒரு குதிரை வந்தது, பிறகு ஒரு வாளும் வந்தது. கடைசியில் கணினியில் கண்ட ஒரு வியாபாரியிடம் பணம் அனுப்பினார்; பிரபுக் குலத்துச் சின்னம் ஒன்று சட்டம் போட்டு வந்து சேர்ந்தது. நீலக் கேடயம். அதன் நடுவே ஆந்தை.

உர்ஷுலா அதைக் கைதூரத்தில் பிடித்துப் பார்த்தாள். “பிரபுவே, உருளைக்கிழங்கு உரிக்கணும், வர்றீங்களா?”

“நீ சிரி. பையன் பார்த்தா அசந்துபோவான் பாரு.”

தீமெக் பார்த்தான். அவன் முகம் தொங்கிப்போனது. “ஆந்தையா தாத்தா? இதைப் பள்ளிக்கூடத்துல யார்கிட்டயும் காட்டிடாத.” வாசல்வரை போனவன் திரும்பி நின்றான். “பஸ் ஓட்டுற அத்தைகிட்ட கேட்டுப் பாரேன். அவங்களுக்கும் நம்ம பேருதான். அவங்க பேரைச் சொன்னா யாரும் சிரிக்கிறதில்ல. ஏன்னு தெரியல.”

புரூனோன் ஆந்தையைத் தூக்கிக்கொண்டு போய்ப் படகுக் கொட்டகையில் வைத்தார்.

பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டும் ஒதிலியா நியெஸ்பாவ், ஏரிக்கு அக்கரையில் ரெகோவோவில் இருந்தாள். அவர் கணக்கெடுத்த ஐந்து பெண்களில் அவளும் ஒருத்தி. அந்தத் துறவி அவளுடைய அண்ணன். கோயில் திருவிழாவில், கடையில், கல்லறைத் திருநாளில் எத்தனையோ முறை எதிரே வந்திருக்கிறாள். புரூனோன் ஒரு தலையசைப்போடு விலகிப் போய்விடுவார். “அவங்க வேற நியெஸ்பாவ். நமக்கும் அவங்களுக்கும் ஒட்டு உறவு இல்ல” என்று அப்பா சொல்லி வளர்த்திருந்தார். விலாங்கு வலை கட்டும் இடத்தைப் பற்றி இரண்டு தகப்பன்மாருக்கும் ஏதோ தகராறு. இந்த ஏரிக்கரைகளின் கஷூபிய மனிதர்கள் நாங்கள் அப்படித்தான். சண்டையின் காரணம் மறந்துபோன பிறகும் சண்டையை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்வோம்.

“அந்த விலாங்கெல்லாம் செத்து அம்பது வருஷமாச்சு புரூனோன்” என்றாள் உர்ஷுலா அன்று இரவு. “ஊர் உலகமெல்லாம் ஃபோன் போட்ட. கேக்க வேண்டிய ஒரே ஆளை விட்டுட்ட.”

“அவ என்ன நினைப்பா?”

“என்ன நினைப்பா? இந்த ஆளுக்கு இப்பவாவது வாய் வந்துச்சேன்னு நினைப்பா.”

நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் புரூனோன் ஏரியைச் சுற்றிக்கொண்டு ரெகோவோவுக்குப் போனார். வழியில் இரண்டு முறை வண்டியை நிறுத்தி, சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது.

ஒதிலியா முற்றத்தில் மஞ்சள் பேருந்தின் உள்ளே பெருக்கிக்கொண்டிருந்தாள். ஐம்பதைத் தாண்டியவள், பருமனான உடம்பு, ஆண்கள் போடும் தோல் சட்டை. அவரைப் பார்த்ததும் துடைப்பத்தை ஊன்றி நின்றாள்.

“அட, என் பேர்க்காரரா! யாராவது செத்துட்டாங்களா?”

“இல்ல, இல்ல. ஏன் அப்படிக் கேக்கறீங்க?”

“எங்க வீட்டுக்கு ஜனங்க வேற எதுக்கு வருவாங்க?” என்று சிரித்தாள். “ஏறி வாங்க. காலைத் துடைச்சுக்கிட்டு ஏறுங்க, இப்பதான் பெருக்கினேன்.”

குழந்தைகள் உட்காரும் சின்ன இருக்கையில் முழங்கால் மூக்கில் இடிக்க உட்கார்ந்தார் புரூனோன். பேரனைப் பற்றிச் சொன்னார். டிசம்பர் கல்யாணத்தைப் பற்றிச் சொன்னார். சுவீடன்காரன் படையைப் பற்றிச் சொல்லும்போது அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆந்தை வந்ததும் அடக்க முடியாமல் உரக்கச் சிரித்துவிட்டாள்.

“மன்னிச்சுக்குங்க. நான் சிரிச்சது உங்களைப் பார்த்து இல்ல, குதிரையைப் பார்த்து. நம்ம ஆளுக்குக் குதிரை எங்கேருந்து வரும்? அவருக்குக் கூரையே இல்ல.”

“உங்களுக்குத் தெரியுமா?”

“எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும். உங்க வீட்டுல சொல்லலையா?” அவள் முகத்தில் உண்மையான வியப்பு. “சரி, உங்க அப்பா எங்களோட பேச்சை நிறுத்தினப்போ இதையும் சேர்த்து நிறுத்திட்டாரு போல.”

கொம்பில் செய்த மூக்குப்பொடி டப்பியை எடுத்து நீட்டினாள். புரூனோன் ஒரு சிட்டிகை எடுத்து உறிஞ்சினார்; கண்ணில் நீர் வரத் தும்மினார். அவள் தும்மவில்லை. இரவெல்லாம் விழிப்பவளுக்கு அது பழகியிருந்தது.

“வெறும் ராத்திரிக்கு நீங்க போயிருப்பீங்கல்ல?” என்று கேட்டாள்.

போகாமல் என்ன? அடக்கத்துக்கு முந்திய இரவு, இறந்தவரைத் தனியே விடாமல், அக்கம்பக்கத்தார் கூடிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து விடியும்வரை பாடிச் செபிப்பது அந்தக் கரைகளின் வழக்கம். அதைத்தான் வெறும் ராத்திரி என்பார்கள். புரூனோனும் போயிருக்கிறார். ஆனால் நடுவிலேயே எழுந்து வந்துவிடுவார். அத்தனை நேரம் அவரால் உட்கார முடியாது.

“காலரா வந்த காலம்” என்று தொடங்கினாள் ஒதிலியா. “வீட்டுக்கு வீடு சாவு. பயத்துல ஒருத்தரும் ஒருத்தர் வாசலை மிதிக்கல. பாட ஆள் இல்ல, செபமாலை சொல்ல ஆள் இல்ல. அப்போ பண்ணையில ஒரு கூலிக்காரர் இருந்தாரு. பொண்டாட்டி புள்ள கிடையாது, படுக்கிறது மாட்டுக் கொட்டில்ல. அவர் மட்டும் போனாரு. எந்த வீட்டுல யாரும் வரலையோ அந்த வீட்டுக்குப் போய் விடியிற வரைக்கும் உக்காந்திருப்பாரு. விடிஞ்சதும் நேரா வயலுக்கு.”

“வேலைக்கா?”

“பின்ன? பண்ணையில சாவுக்கெல்லாம் லீவு ஏது? ஒருநாள் அரிவாளைப் பிடிச்சபடியே நின்னு தூங்கிட்டாரு. கங்காணி வந்து சாட்டையால விளாசிட்டு, ‘இந்தச் சோம்பேறி ஏன் தூங்கறான்?’னு கேட்டான். வயல்ல இருந்த ஜனமெல்லாம் சேர்ந்து சொல்லுச்சாம்: ‘ஐயா, அவன் ராத்திரி தூங்கலை.’ மறுநாளும் தூங்கினாரு, மறுநாளும் அடி, மறுநாளும் ஜனம் அதையேதான் சொல்லுச்சு. ‘அவன் தூங்கலை.’ அவருக்குன்னு இருந்த சொந்தப் பேரு என்னன்னு அப்புறம் யாருக்கும் ஞாபகமில்ல. அவருக்காக ஊர் சொன்ன சாட்சிதான் பேராச்சு. பின்னாடி ஒரு விதவை அவரைக் கட்டிக்கிட்டா. அவங்க வழியிலதான் நீங்க, நானு, எல்லாம். ஒட்டு உறவு இல்லையாம்!”

புரூனோன் சின்ன இருக்கையிலிருந்து எழுந்திருக்கவில்லை. தான் அசையாமல் உட்கார்ந்திருந்ததை அவரே கவனிக்கவில்லை.

“அன்னைலேருந்து எங்க வீட்டுல யாராவது ஒருத்தர் உக்காருவோம். எங்கம்மா உக்காந்தாங்க, இப்ப நான். உங்க அப்பாவுக்குக்கூட எங்கம்மாதானே உக்காந்தாங்க.”

“எங்க அப்பாவுக்கா?”

ஒதிலியா துடைப்பத்தைக் கீழே வைத்தாள். “அதுவும் தெரியாதா?”

எழுபத்தொன்பதாம் ஆண்டுப் பனிக்காலத்தில் புரூனோனின் அப்பா இறந்தார். நாட்டையே புதைத்துப்போட்ட பனி அது. ரயில் இல்லை, சாலை இல்லை. புரூனோனோ பூமியின் மறுபக்கத்துக் கடலில், கப்பலின் வயிற்றுக்குள் இருந்தார். செய்தி கிடைத்தபோதே அடக்கம் முடிந்திருந்தது. “அப்பா தனியா இல்லடா” என்று மட்டும் அம்மா பிறகு சொன்னாள். ஊரார் வந்திருப்பார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

“ஊர்ல யாரும் வாசக்கதவையே திறக்க முடியல” என்றாள் ஒதிலியா. “எங்கம்மா லாந்தரை எடுத்துக்கிட்டு உறைஞ்ச ஏரி மேலேயே நடந்து போனாங்க. எனக்கு அப்போ பன்னிரண்டு வயசு. சன்னல்ல மூக்கை ஒட்ட வெச்சுக்கிட்டு அந்த வெளிச்சம் சின்னதாகிக்கிட்டே போறதைப் பார்த்துட்டு இருந்தேன். ‘விலாங்குச் சண்டைக்காரன் வீட்டுக்கா போற?’னு எங்கப்பா கத்தினாரு. ‘செத்தவன் வலை கட்டப் போறதில்ல’ன்னுட்டு அம்மா போயிட்டாங்க. எங்கப்பா மானம் போகக் கூடாதுன்னு, யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு உங்கம்மாகிட்ட கேட்டுக்கிட்டாங்களாம்.”

அடுத்த நாள் புரூனோன் மறுபடியும் ரெகோவோவுக்கு வந்தார். வண்டி நிறையப் பிளந்த பிர்ச் விறகு, புகையில் வாட்டிய விலாங்கு, உர்ஷுலா சுட்ட கேக். ஒதிலியா கேக்கை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

“இதைத் தின்னுடலாம். மத்ததைத் திருப்பிக் கொண்டு போங்க.”

“நான் என்னதான் செய்யறது, சொல்லுங்க. உங்கம்மாவும் இல்ல.”

“எங்க வீட்டுக்குத் திருப்பித் தர்ற சமாசாரம் இல்ல இது. அப்படித் தந்தா அது கூலியாயிடும்.” கொஞ்சம் யோசித்துவிட்டுக் குறும்பாகச் சொன்னாள்: “அதுவுமில்லாம நான் சாகறதுக்கு இன்னும் நாளிருக்கு. அதுவரைக்கும் நீங்க தாங்க மாட்டீங்க. எங்கேயாவது யாருமே வராத ஒரு ஆளு கிடந்தா, அங்க போங்க. அவ்வளவுதான்.”

அடுத்த வாரம் ஞாயிறன்று சாப்பாட்டு மேசையில் புரூனோன் அந்தக் கதையைச் சொன்னார். குதிரை இல்லாமல், வாள் இல்லாமல், கேட்டதைக் கேட்டபடியே சொன்னார். அப்பாவின் இரவைப் பற்றியும் சொன்னார். ராதெக் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டான். வெரோனிகா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்தக் கூலிக்காரர் அடி வாங்கின பிறகும் அன்னைக்கு ராத்திரி போனாரா?” என்று கேட்டான் தீமெக்.

“போனாருன்னுதான் சொல்றாங்க.”

“வலிச்சிருக்கும்ல?”

“வலிச்சிருக்கும்.”

 வீடே பையன் வாயைப் பார்த்துக் காத்திருந்தது.

“நல்ல ஆளு தாத்தா அவரு. எனக்குப் பிடிச்சிருக்கு” என்றான். “ஆனா அம்மாவும் ராதெக்கும் வெச்சுக்கப்போற பேரே எனக்கும் போதும். நாங்க மூணு பேரும் ஒண்ணா இருக்கலாம்ல? உனக்குக் கோபமா?”

வெரோனிகா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். புரூனோன் கையைத் தூக்கித் தடுத்தார். சத்தியம் செய்திருந்தார். ஆனால் அதனால் மட்டும் அவர் பேசாமல் இருக்கவில்லை. ஒரு வீடு கிடைத்த குழந்தையின் முகம் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் அருகிலிருந்து பார்த்தார்.

“கோபம் எதுக்குடா? வா, அந்த இனிப்பு ரொட்டியில பெரிய துண்டு உனக்கு” என்றார்.

டிசம்பரில் கல்யாணம் நடந்தது. பெண்வீட்டார் வரிசையில் நின்ற ஒதிலியா, எல்லாரையும் விட அதிகம் ஆடினாள். பெரியவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். அரசாங்கத்தின் எண்ணிக்கையில் இரண்டு குறைந்தன. அன்றிரவு புரூனோனுக்குத் தூக்கம் வரவில்லை. அதற்கு அடுத்த இரவுகளிலும் வரவில்லை. ஃபிரிட்ஜைத் திறந்து மூடினார். சன்னலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தார். பேரன் மேல் குறையில்லை, மகள் மேல் குறையில்லை. இருந்தும் கைகளுக்கு ஏதோ ஒரு வேலை தேவைப்பட்டது. எந்தக் குழாயும் அந்த வேலையைத் தரவில்லை.

ஜனவரியில், பனி இறுகியிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, ரொட்டிக் கடையில் வரிசையில் நின்றபோது கடைக்காரம்மா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்தது. மர ஆலையில் வேலை பார்த்த மால்டோவாக்காரன் ஒருவன், வசீலேயோ என்னவோ பெயர், மாரடைப்பில் போய்விட்டான். பெட்டியைக் கல்லறைத் தோட்டத்துச் சிற்றாலயத்தில் வைத்திருக்கிறார்கள். தம்பி ஊரிலிருந்து வண்டி எடுத்துக்கொண்டு வருகிறான். நாளைக் காலையில் வந்து சேர்வான்.

“பாவம், இங்க யாருமில்ல அவனுக்கு” என்றாள் கடைக்காரம்மா. “உங்களுக்கு என்ன ரொட்டி வேணும்?”

“கறுப்பு ரொட்டி” என்றார் புரூனோன்.

ஒதிலியாவைக் கூப்பிடலாம் என்று தோன்றியது, அவள் வந்துவிடுவாள். கூப்பிடவில்லை. சாயங்காலம் உர்ஷுலாவிடம், “சிற்றாலயத்துக் கணப்பு மக்கர் பண்ணுது, பார்த்துட்டு வர்றேன், நேரமாகும், நீ தூங்கு” என்றார். இந்த வாழ்க்கையில் அவர் சொன்ன பொய்களில் இது ஒன்று; இதை மன்னிக்கப் பரலோகத்துக்கு அதிக நேரம் பிடித்திருக்காது.

உள்ளே குளிர் கல்லாக உறைந்திருந்தது. கணப்பை முடுக்கினார். கதவருகே அடுக்கியிருந்த நாற்காலிகளில் ஒன்றை எடுத்து உட்கார்ந்தார். எழுந்தார். கணப்பைத் தொட்டுப் பார்த்தார். மெழுகுவர்த்திகளை நேராக நிறுத்தினார். சன்னல் கொக்கியை இழுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். பெட்டியின் மேல் சிறிய தகட்டில் அந்நிய நாட்டுப் பெயர் இருந்தது. அதற்கு என்ன பொருளோ. ஏதோ ஒரு வயலில் யாரோ யாருக்காகவோ சொன்ன சொல்லாக இருக்கலாம்.

ஒரு செபமாலை முடிந்ததும் கால்கள் போகச் சொன்னன. இவ்வளவு போதாதா? கதவருகே வரைக்கும் போய்விட்டார். கைப்பிடியைப் பிடித்தபோது இரும்பின் குளிர் உள்ளங்கையைச் சுட்டது. உறைந்த ஏரியின் மேல் சின்னதாகிக்கொண்டே போன வெளிச்சம் நினைவுக்கு வந்தது. அவர் கண்ணால் பார்க்காத வெளிச்சம். கதவை விட்டார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து பெட்டிக்கு மிக அருகில் போட்டு உட்கார்ந்தார்.

பாட்டு ஒன்றுகூட முழுதாகத் தெரியாது. ஏரிக்கரைக்காரர்கள் மாதாவுக்குப் பாடும் ஒரு பாட்டின் முதல் இரண்டு அடி மட்டும் தெரியும். அதையே பாடினார். சுருதி எங்கோ போனது. இறந்தவனும் வேறு சபையைச் சேர்ந்தவனாக இருக்கலாம். இந்தப் பாட்டை அவன் கேட்டே இருக்கமாட்டான். பரவாயில்லை என்று மறுபடியும் பாடினார். நடுநடுவே கப்பலைப் பற்றி அவனிடம் பேசினார். வெளியூரில் வேலை பார்ப்பவனுக்கு வீட்டில் என்னவெல்லாம் நடந்துவிடும் என்று சொன்னார். அப்பாவைப் பற்றியும் சொன்னார். மெழுகுவர்த்தி அடிவரை எரிந்தால் புதியதை ஏற்றினார். உடம்பு எப்போது நடமாட்டத்தை மறந்தது என்று அவருக்குத் தெரியாது.

சன்னல் கண்ணாடி சாம்பல் நிறமாக மாறியபோது, தூரத்தில், மர ஆலை வளைவில் வண்டியின் விளக்குகள் தெரிந்தன. புரூனோன் எழுந்தார். முழங்கால்கள் முறுக்கிக்கொண்டன. கடைசி வர்த்தியை ஏற்றினார். கணப்பை இன்னும் ஒரு படி கூட்டினார். கதவைப் பூட்டாமல் சாத்திவிட்டுக் கல்லறைகளுக்கு நடுவே பின்பக்க வாயில் வழியாக ஏரிப்பக்கம் இறங்கினார்.

வண்டிக் கதவு திறக்கும் ஓசை கேட்டது. யாரோ பனியில் வேகமாக நடக்கும் ஓசை கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே, வசீலேயின் பெட்டியை ஒட்டினாற்போல் ஒரு நாற்காலி கிடந்தது; அதை எடுத்து வைக்க அவர் மறந்துபோயிருந்தார்.